விரியன் குட்டிக்குப் பழி தெரியாது

என் உயிரான அண்ணாவுக்கு,

உன்னைப் பாம்பு கடித்த இடத்தில் நாகர் கல் நட்டுவிட்டார்கள், தெரியுமா? நஞ்சன்கூடு சாலையில் நீ கொத்து வேலை பார்த்த அதே மனையில்தான். முன்னின்று நட்டவர் உன் மேஸ்திரி, அந்த மகராசன். கடித்தது கண்ணாடி விரியன். கல்லில் படமெடுத்து நிற்பது நல்ல பாம்பு. அந்த லட்சணம்.

செங்கல் அடுக்கில் கிடந்த தாய் விரியனை அடிக்கச் சொன்னதும் அவர்தான். நீ அடித்தாய். பிறகு எல்லோரும் முட்டையைத் தேடினீர்கள். இல்லை என்றதும், "இனி பயமில்ல, செங்கல்லை எடுங்க" என்றார். விரியன் எங்கே அண்ணா முட்டை இட்டது? முட்டை அதன் வயிற்றுக்குள்ளேயே பொரிந்து குட்டியாகத்தான் வெளியே வரும். அது முன்பே ஈன்றுவிட்டிருந்தது.

மறுநாள் செங்கல் எடுக்கையில் ஒரு சாண் குட்டி உன் கையில் கடித்தது. "ஏனு ஆகல்ல, ஒண்ணும் ஆகாது, குட்டிக்கு விஷம் ஊறியிருக்காது. சுண்ணாம்பு தடவிட்டு வேலையப் பாரு" என்றார். நீயும் பார்த்தாயே! ஈறில் ரத்தம் கசிந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. பிறக்கும்போதே அதற்கு விஷம் உண்டு என்று டாக்டர் சொன்னார். நீ போன பிறகு யாருக்கு என்ன பிரயோஜனம்?

இப்போது மேஸ்திரி சொல்லித் திரிவது வேறு கதை. தாயைக் கொன்றதற்குக் குட்டி பழி வாங்கிவிட்டதாம். ஆக, குற்றம் உன்னுடையது. அண்ணியும் நம்பிவிட்டாள். தோஷம் கழிய அந்த நாகர் கல்லுக்கு உன் மகள் கையால் பால் ஊற்றச் சொன்னார்கள். பிள்ளை செம்பைப் பிடித்துக்கொண்டு, "அத்தே, என்னையுங் கடிக்க வருமா?" என்றாள்.

செம்பைப் பிடுங்கிக் கீழே வைத்து மேஸ்திரியிடம் சொன்னேன்: "விரியன் குட்டி போட்டதும் தன் பாட்டுக்குப் போயிருமுங்க. குட்டிக்கு அம்மான்னா யாருன்னே தெரியாது. அப்புறம் பழி எங்கிருந்து வரும்? வெயில்ல காஞ்ச செங்கல்லு கதகதன்னு இருந்துச்சு, படுத்திருந்துச்சு. கை பட்டுச்சு, கடிச்சிருச்சு."

"தெய்வக் குத்தமாயிரும், சும்மா இரும்மா" என்றார்.

"எங்கண்ணனை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாதது தெய்வமுங்களா, நீங்களா?"

அண்ணி அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

பாம்புக்கு உன் மேல் பகை இல்லை, அண்ணா. எனக்குத்தான் இருக்கிறது, அந்த ஆளின் மேல். அது ஆறாது. ஆனால் உன் சாவின் பழியை உன் மகள் தலையில் ஏற்ற, நான் இருக்கும்வரை எவனையும் விடமாட்டேன்.

உன் கூடப் பிறந்தவள்,
தங்கச்சி