செபஸ்தியாரின் பட்டு மெத்தை

டோர்செட் பார்க், ஸ்காபரோ
புதன்கிழமை

அன்புள்ள தம்பி ஜெனாட் சுவாமிக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன்னோடு இருக்கட்டும். மன்னாரில் மழை தொடங்கிவிட்டதா? இதை ஸ்டெபனி படமெடுத்து உனக்கு வாட்ஸப்பில் அனுப்புவாள். என் மகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதே என்று எத்தனை வருசம் புலம்பினேன். இன்றைக்கு அதுவும் நல்லதாய்ப் போயிற்று. போனில் சொன்னால் நீ நடுவில் கத்துவாய். கடிதத்தில் பாவசங்கீர்த்தனம் செல்லாது என்று எனக்கும் தெரியும். இது அக்கா எழுதும் கடிதம், அவ்வளவுதான்.

எங்கள் கோயில் வேலை ஒருவழியாய் முடிந்தது. பழைய கார்ப்பெட் கடை என்று இனி ஒருவரும் சொல்லமுடியாது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆயர் ஆண்டகை வந்து கோயிலை ஆசீர்வதித்து நேர்ந்தளிக்கிறார். புனித செபஸ்தியாருடைய அரிசிமணி அளவு எலும்பைப் பேழையில் வைத்து, பீடத்தின் கீழே சீமெந்தால் பூசிவிடுவார்கள். பிறகு அதை ஒருவரும் திறக்கமாட்டார்கள். பேழைக்குள் விரிக்கச் சிவப்புப் பட்டில் சின்ன மெத்தை தைக்கும் பொறுப்பைப் பங்குச்சுவாமி எனக்குத் தந்தார்.

தைத்துக் கொடுத்துவிட்டேன். பஞ்சுக்குள் ஜூலியனுடைய பால்பல்லையும் வைத்துத் தைத்தேன்.

கத்தாதே. குருமடத்திலிருந்து லீவில் வந்தபோது நீதானே சொன்னாய், ஆதிக் கிறிஸ்தவர்கள் செபஸ்தியார் மாதிரி வேதத்துக்காக உயிர் விட்ட வேதசாட்சிகளின் கல்லறைமேல்தான் பீடம் கட்டினார்கள் என்று? தங்கள் செத்தவர்களையும் அவர்களுக்குப் பக்கத்தில் புதைக்கச் சனம் முண்டியடித்ததாம். உயிர்ப்பு நாளில் வேதசாட்சி எழும்பும்போது பக்கத்தில் கிடக்கிறவரையும் கையைப் பிடித்து எழுப்புவார் என்று நம்பினார்களாம். என் பிள்ளை வன்னியில் யுத்தம் முடிந்தபோது ஆமியின் பஸ்ஸில் ஏற்றப்பட்டுப் போனவன், திரும்பவில்லை. பதினாறு வருசம். ஒரு மெழுகுதிரி கொளுத்த இடமில்லை. அவனுடையது என்று மிஞ்சியது, என் செபமாலைப் பைக்குள் கிடந்த அந்தப் பல்லு மட்டும்தான்.

எனக்குப் பயம் செபஸ்தியாரிடம் இல்லை, உன் அத்தானிடம். அவர் மனசில் மகன் இன்னும் உயிரோடு இருக்கிறான். தபால்பெட்டியில் இன்றைக்கும் எங்கள் நாலு பேரின் பெயரும் ஒட்டியிருக்கிறது. செத்தவர்களுக்கு வைக்கும் இளைப்பாற்றிப் பூசை ஒன்றை அவனுக்கு ஒப்புக்கொடுக்க ஒருநாளும் விட்டதில்லை. சனிக்கிழமை பவனியில் பேழையைச் சுமந்துவர அவரைத்தான் தெரிவுசெய்திருக்கிறார்கள். சொல்லாமல் விட்டால், பெற்ற பிள்ளையை அடக்கத்துக்குக் கொண்டுபோகிறோம் என்று தெரியாமல் சந்தோஷமாக நடப்பார். சொன்னால், பிரித்தெடு என்று நிற்பார். நான் என்ன செய்ய? நாளைக்குள் பதில் போடு.

உன் அக்கா
கிளடிஸ்


வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

நீ வாசித்துவிட்டாய் என்று போன் காட்டுகிறது. பதில்தான் இல்லை.

நேற்றுப் பின்னேரம் செபம் சொல்ல அத்தான் என் செபமாலைப் பையை எடுத்தார். பல்லு எங்கே என்று கேட்டார். பொய் வாயில் வரவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"எனக்குச் சொல்லாமல் என்ர பிள்ளையைப் புதைக்கப் பாத்தனீ, என்ன?" என்றார்.

அவன் வரமாட்டான் என்று பதினாறு வருசமாக அவர் முகத்துக்கு நேரே சொல்லாததை நேற்றுச் சொன்னேன். குளிருக்கு ஒரு கோட்டுக்கூடப் போடாமல் வெளியே போனார். நேரே பங்குச்சுவாமியிடம்தான் போகிறார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அடுப்பில் சோறு அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை.

ஒன்றரை மணித்தியாலம் கழித்து வந்தார். கோயிலுக்குப் போய்ப் பேழைக்கு முன்னால் இருந்தாராம். ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

"சனிக்கிழமை பேழையை நான்தான் தூக்குவன். வேற ஒருத்தற்ற கையிலயும் குடுக்கமாட்டன்" என்றார். பிறகு குசினி வாசலில் நின்று அழுதார். இத்தனை வருசத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை, தம்பி.

நான் செய்தது பிழையென்றால் எனக்கு ஒரு தண்டனை தா, செய்கிறேன். பங்குச்சுவாமிக்கு மட்டும் எழுதிவிடாதே. இங்கே பத்து மணி என்றால் அங்கே உனக்கு இரவு ஏழரை. அந்த நேரம் எங்களுக்காக முழந்தாளில் இரு.

இன்னொன்று. கார்த்திகை மாதத்து மரித்தோர் பூசைக்கு வருசாவருசம் நான் அனுப்பும் பெயர்கள் உன்னிடம் இருக்கின்றன. அப்பு, அம்மா, பெரியக்கா. அவர்களுக்குக் கீழே இந்த முறை ஒரு பெயரைச் சேர்த்து வாசி. எனக்கு எழுதக் கை வரவில்லை. கீழே இருப்பது அத்தானுடைய எழுத்து.

உன் அக்கா
கிளடிஸ்

அருள்நாயகம் ஜூலியன். வயது பத்தொன்பது.