யாருக்கு மண் தூற்றியது

டோர்செட் பார்க், ரொறொன்ரோ
1996

அன்புள்ள நண்பனுக்கு,

தலைவரி தாங்காமல் கிளர்ந்த இங்கிலாந்துக் குடியானவர்களைப் பற்றி மகள் சரித்திரத்தில் படிக்கிறாள். அரசன் மன்னிப்பதாக வாக்குக் கொடுத்தானாம். நம்பி வீடு திரும்பியவர்களைத் தேடித்தேடித் தூக்கிலிட்டானாம். "அப்பா, உவையள் ஏன் நம்பிப் போனவை?" என்று கேட்டாள். நான் எழும்பிப் போய்விட்டேன்.

உங்கள் ஆட்கள் தொடக்கூடாத எங்கள் கிணற்றில் நீங்கள் கத்திகளோடு வந்து தண்ணீர் அள்ளிய அன்று, "கத்தியளை வைச்சிட்டுப் போங்கோ. ஒண்டும் செய்யமாட்டன் எண்டு அப்பா சத்தியம் பண்ணிட்டார்" என்று சொன்னது நான். உன் அண்ணன்தான் முதலில் வைத்தான். பின்னேரம் அதே கத்தியால் எங்கள் ஆட்கள் அவன் கழுத்தை வெட்டினார்கள். குடிசைகளையும் கொளுத்தினார்கள்.

சத்தியம் தவறினாரென்று உன் அம்மா என் அப்பாவுக்கு மண் அள்ளித் தூற்றினா.

அவர் சத்தியம் பண்ணவேயில்லை. நான் அவரிடம் கேட்கவுமில்லை.

பள்ளிக்கூடத்தில் உன்னோடு ஒரே வாங்கில் பக்கத்தில் இருந்து படித்தவன்