அக்காவின் இடது கை

ஜூன் 4
எழுதும்போது அக்கா இடது கையை வளைத்துத் தாளை மறைத்துக்கொள்கிறாள். இன்றுதான் கவனித்தேன். வீட்டில் அல்ல, நான் வேலை பார்க்கும் அட்டைப்பெட்டிப் பட்டறையில், என் பக்கத்து மேசையில். இங்கே யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? நான் ஒருத்திதானே இருக்கிறேன்.

பொறியியல் முடித்து ஒரு வருடமாக வேலை தேடி அலைந்தவள். முதலாளியம்மா என் முகத்துக்காக அவளை ஒரு மாதம் சோதனைக்கு எடுத்திருக்கிறார். வேலை நிலைத்துவிட்டால் நான் மறுபடி பள்ளிக்கூடம் போகலாம் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அக்காவைப் படிக்க வைக்கத்தானே நான் பாதியில் நின்றது.

ஜூன் 9
பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் பெட்டிக்கு அளவு போட்டால், பக்கத்தில் இருப்பவர் அதை வைத்து ஒரு மாதிரிப் பெட்டி மடிக்க வேண்டும். சாமான் உள்ளே சரியாக உட்கார்ந்த பிறகுதான் அட்டை மெஷினுக்குப் போகும்.

அக்காவுக்கு முதல் ஆர்டர், பாட்டிலுக்குப் பெட்டி. “காட்டுக்கா, நான் மடிச்சுப் பாக்கறேன்” என்றேன்.

“முடிக்கட்டும். அரைகுறையா எல்லாம் காட்ட மாட்டேன்.”

அதற்கு மேல் வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை. எப்போதுதான் வந்தது?

ஜூன் 10
போச்சு.

என்னிடம் காட்டாமலே மெஷின் அண்ணனிடம் கொடுத்துவிட்டாள். நான் பார்த்திருப்பேன் என்று நினைத்து அவரும் மொத்தத்தையும் வெட்டித் தள்ளிவிட்டார். பாட்டில் நுழையவே இல்லை. அட்டையின் கனத்தை அக்கா கணக்கில் சேர்க்கவில்லை.

“பாட்டிலுக்கு எண்ணெய் தடவி இறக்கிடலாமா?” என்றார் மெஷின் அண்ணன். யாரும் சிரிக்கவில்லை. முதலாளியம்மா அக்காவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: “அடுத்த ஆர்டரும் இப்படின்னா, உங்க அக்காவ வீட்டோட இருக்கச் சொல்லு.”

வரும் வழியில் கத்திவிட்டேன். நானா! நடுத்தெருவில்!

“நாலு வருஷம் உனக்கு என்னதான் சொல்லிக் குடுத்தாங்க?”

“பக்கத்துல கேட்டா பேப்பரப் பிடுங்கிடுவாங்க. அதத்தான் சொல்லிக் குடுத்தாங்க.”

“சேந்து எதுவுமே செய்யலையா?”

“ப்ராஜெக்ட் செஞ்சோமே. ரிப்போர்ட் அட்டையில ஆறு பேரு. செஞ்சது நான் ஒருத்தி.”

என்ன படிப்பு இது — தெரியாததை மறைக்கவா இத்தனை வருஷம்? இதுக்கா நான் என் ஸ்கூல் பையத் தூக்கிப் பரண்ல போட்டேன்? இதுக்கா மறுபடி எடுக்கணும்னு ஆசப்படறேன்?

ஜூன் 12
சாப்பாட்டு நேரத்தில் அக்கா தனியாகப் போய் உட்கார்ந்தாள். நானும்தான்.

ஜூன் 16
சாப்பாட்டு நேரத்தில் அக்காவின் பேராசிரியர் போன் செய்தார். கல்லூரி விளம்பரத்தில், வேலை கிடைத்தவர்கள் வரிசையில் போட அவள் ஃபோட்டோ வேண்டுமாம். பாடத்தில் என்ன மாற்றலாம் என்றும் கேட்டார்.

அக்கா டப்பாவைத் தள்ளி வைத்தாள். “ஒரு பரீட்சையாவது, பக்கத்துல இருக்கறவங்ககிட்ட காட்டித் திருத்திக்கற மாதிரி வைங்க சார். திருத்தினவங்களுக்கும் மார்க் குடுங்க.”

“அதுக்குப் பேரு காப்பியடிக்கறதும்மா!”

அவர் சிரித்தது எனக்கே கேட்டது. ஃபோட்டோவை மறந்துவிடாதே என்றார். வந்த கோபத்தில் என் டிபன் டப்பா மூடி சரியாகவே மூடவில்லை.

அக்கா ஃபோட்டோ அனுப்பவில்லை.

ஜூன் 17
புது ஆர்டர், மேசை விளக்குக்குப் பெட்டி. அக்கா பாதி அளவு போட்டிருந்தாள். ரப்பர் தேய்த்த அழுக்கு, ஓரத்தில் இரண்டு கேள்விக்குறி. இடது கையை எடுத்துவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினாள்.

“இன்னும் முடிக்கல. இந்த ஓரம் சரியான்னு தெரியலடி.”

நான் ஸ்டூலை அவள் மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, ஓர் அட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.