தங்கை சொன்ன வேலை நேரம்

ஆவணி, செவ்வாய்க்கிழமை

எங்கள் புள்ளியியல் ஆபீஸின் கூலிச் செலவுக் கணக்கெடுப்புக்காக இன்று போன பட்டுக்கடையில்தான் என் தங்கை செல்வி வேலை பார்க்கிறாள். எந்தக் கடைக்குப் போவது என்பது என் கையில் இல்லை. ஆபீஸ் முடிவு செய்கிறது.

முதலாளி சொன்ன சம்பளம் போன தடவை சொன்னதேதான். வேலை நேரம் மட்டும் மாறியிருந்தது. அப்போது இரவு ஒன்பது வரை என்றவர், இப்போது மாலை ஆறு வரை என்றார். நான் தயங்கியதும் செல்வியைக் கூப்பிட்டார். நாங்கள் அக்கா தங்கை என்று அவருக்குத் தெரியாது.

“நீயே சொல்லுமா, எத்தினி மணிக்குக் கிளம்புறீங்க?”

“ஆறு மணிக்கு மேடம்,” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். கணக்குத் தாளில் எழுதிக்கொண்டேன்.

வழக்கம்போல ஒன்பது மணிக்கு மேல்தான் செவிலிமேட்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். சோறு போடும்போது கேட்டேன்.

“அவரு பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தாரு. வேற என்னாக்கா சொல்றது?”

சம்பளம் மாறாமல் நேரம் குறைந்தால், ஒரு மணி நேரக் கூலி உயர்ந்ததாகத்தான் கணக்கு காட்டும் என்றேன்.

“அப்போ எனக்குக் கூலி ஏறிடுச்சா?” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தத் தாளை நான் அனுப்பப் போவதில்லை. தங்கை அங்கே வேலை செய்வதை மேலதிகாரியிடம் சொல்லி, வேறு ஆளை அனுப்பச் சொல்வேன். விஷயம் முதலாளி காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று செல்வியிடம் கேட்டிருக்க வேண்டும். அவள் தூங்கிவிட்டாள்.