கருவாட்டுப் பை

ஞாயிறு இரவு, ஜெலுத்தோங்

கோலாலம்பூரில் ரயில் ஏறியதிலிருந்தே ஒரு நாற்றம். பக்கத்து சீட்டில் ஒரு வங்காளதேசத் தொழிலாளி, நாற்பது வயதிருக்கும். அவருடைய வியர்வை என்றுதான் நினைத்தேன். எதிர்வரிசையில் இருந்த நம்ம ஆள் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "குளிக்காமலே ஏறிடுறானுங்க லா. எப்படிக்கா உட்கார்ந்திருக்கீங்க?" என்றார். "ஆமாண்ணே, தலை வலிக்குது" என்றேன். உடனே மலாயில் அதட்டி அந்த மனிதரை எழுப்பிவிட்டார். பாவம், டிக்கெட்டை எடுத்துக் காட்டினார். யாரும் பார்க்கவில்லை. கதவோரம் போய் நின்றுகொண்டார்.

ஈப்போ தாண்டித் தண்ணீர் போத்தல் எடுக்கக் காலடியில் இருந்த பையைத் திறந்தேன். கிள்ளானில் அக்கா கட்டிக் கொடுத்த கருவாட்டுப் பொட்டலம் பிரிந்து கிடந்தது. சரியாகக் காயாத கருவாடு.

பையை மூடினேன். காலால் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டேன். பட்டர்வொர்த் வரைக்கும் அவர் நின்றே வந்தார். நான் இறங்கும்போது என்மேல் பட்டுவிடாமல் உடம்பை ஒடுக்கி வழிவிட்டார். சே, நானெல்லாம் ஒரு மனுஷி.

வீட்டுக்காரர் பையை மோந்து பார்த்துவிட்டு, "நாளைக்குக் கருவாட்டுக் குழம்பா?" என்று சந்தோஷமாகக் கேட்டார்.

வைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.