நாயிடம் சொல்லி அனுப்பிய திருத்தம்

ஆகஸ்ட் 7, திங்கள்
முடிந்தது! அரசியலமைப்பில் எங்களையும் எழுதுங்கள், எங்கள் காரியத்தை எங்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள் என்று ஆஸ்திரேலியப் பழங்குடிகளான நம் ஆட்கள் வைத்த கோரிக்கையை முழுக்க ஆங்கிலத்திலிருந்து எங்கள் பிட்ஜன்ஜாரா மொழிக்குக் கொண்டுவந்துவிட்டேன். 'அரசியலமைப்பு' பாடாய்ப் படுத்தியது. 'எல்லாச் சட்டத்துக்கும் அடியில் கிடக்கும் பெரிய சட்டம்' என்று போட்டேன். வெள்ளிக்குள் வானொலிக்குப் பதிவு செய்ய வேண்டும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்தில் டயாலிசிஸுக்காகத் தங்கியிருக்கும் யான்யி அக்காவுக்கு ஆங்கிலம் வராது. அவள் பேரிலும் கேட்கிறார்களே, அது என்னவென்று அவளுக்குத் தெரிய வேண்டாமா?

ஆகஸ்ட் 8
யார் வாசிப்பது? ஊரே ஒரு குரலைத்தான் சொல்கிறது. கால்பந்து வர்ணனை செய்யும் என் மருமகன்! எங்கள் முறைப்படி மாமியாரும் மருமகனும் முகம் பார்ப்பதில்லை, பேசுவதில்லை; அதுதான் மரியாதை. அவர் பெயரை இங்கே எழுதக்கூட எனக்குக் கை வராது.

ஆகஸ்ட் 10
அவர் ஸ்டுடியோவுக்குள். நான் வெளியே வண்டியில், முதுகைக் காட்டிக்கொண்டு. எனக்குக் கேட்கட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். நடுவில் மகள் ராலீன் தூது. மனுஷன் கோல் விழுந்த மாதிரி கத்திக்கொண்டு ஓடுகிறார். மெதுவாகப் படிக்கச் சொல்லி அனுப்பினேன். அதே ஓட்டம்.

"சொன்னியா இல்லையாடி?"

"அழகா படிக்கிறீங்கன்னு அம்மா சொன்னாங்கன்னு சொன்னேன். பாவம்மா, ஏற்கெனவே நடுங்குறாரு."

தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 11
கடைசி நாள். ராலீன் சாஃப்ட்பால் ஆடப் போய்விட்டாள். உள்ளே அதே கோல். இப்படியே போனால் அக்காவுக்கு ஒரு மண்ணும் புரியாது — எனக்கு அழுகையே வந்துவிட்டது. வண்டியடியில் படுத்திருந்த நாயிடம், ஜன்னல் வரை கேட்கும்படி சொன்னேன்: "ஏ நாயே, இது வயசானவங்க கேக்கப்போற விஷயம். பந்து எங்கயும் ஓடிடாது. மூச்சு விட்டுப் படிக்கச் சொல்லு."

உள்ளே வாசிப்பு நின்றது. முறை மீறிவிட்டேனோ?

பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தார். நின்று, நிதானமாக. பெரிய சட்டம் வந்த இடத்தில் நானும் கூடவே முணுமுணுத்தேன். நான் எழுதியதுதானா இது?

ஆகஸ்ட் 12
நான் நாயிடம் பேசியது ஜன்னல் வழியாகப் பதிவாகியிருக்கிறது; ஒலிபரப்பில் அதையும் வெட்டாமல் விட்டுவிட்டார்கள்! கடைக்குப் போனால் ஆளாளுக்குக் குரைக்கிறார்கள்.

ஆகஸ்ட் 13
வாசலில் நெருப்பில் சுட்ட ஒரு கங்காரு வால். "அவரு குடுத்தது. நாய்க்காம்," என்றாள் ராலீன். நன்றாக வெந்திருந்தது. நாய்க்கும் கொஞ்சம் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 14
அக்கா போன் செய்தாள். டயாலிசிஸுக்கு வந்த எல்லாரும் சேர்ந்து கேட்டார்களாம்.

"அவங்க என்னமோ கேக்குறாங்கன்னு இவ்வளவு நாளா நானும் தலையாட்டிட்டு இருந்தேன். இப்பதான்டி தெரியுது, அது நான் கேக்குறது."

இன்னொரு தடவை போடச் சொன்னாள். நாயோடு சேர்த்துத்தான்.