பாதி வழியில் ஓர் ஆறு

மார்ச் 4, சனி
மனைவி வெளியூர் ஆஸ்பத்திரி லேபுக்குப் பொறுப்பாளராகப் போய் இரண்டு மாதமாகிறது. ஆறு மாதத்துக்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள். எட்டு மணி நேரப் பயணம். போய்ச் சேர்ந்தால் தூங்கத்தான் தெம்பிருக்கிறது. இன்று போனில் ஒரு யோசனை சொன்னாள். பாதி வழியில் காட்டுப் பூங்கா ஒன்று இருக்கிறதாம், ஆற்றங்கரையில் கூடாரம் போட விடுவார்களாம். கொசுவுக்கு நாமே தேடிப் போய் விருந்து வைக்க வேண்டுமா என்றேன். கூடாரமே வாங்கியாகிவிட்டதாம்.

மார்ச் 11, சனி
பதினெட்டு வருடமாக லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் நான். ஒரு கூடாரம் என்னைப் படுத்திய பாடு! ஒன்றரை மணி நேரம் போராடி நிறுத்தினால் வாசல் மரத்தோடு ஒட்டி நிற்கிறது. உள்ளே போக வழியில்லை. பூங்காக் காவலர் வந்து பார்த்தார், அப்படியே திரும்பிப் போனார். தோள் மட்டும் குலுங்கியது. அவள் பாறையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று?

மார்ச் 26, ஞாயிறு
நேற்று சாயங்காலம் மழை. பள்ளத்தில் கூடாரம் போட்டது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். அவள் காருக்குள் முட்டி இடிக்க உட்கார்ந்து பிஸ்கட் தின்றோம். லேபைப் பற்றி வாய் ஓயாமல் பேசினாள். வீட்டில் இருந்தவரை வேலை எப்படி என்று கேட்டால் ‘ம்’ என்பதோடு சரி.

ஏப்ரல் 9, ஞாயிறு
அந்தப் பதவியை நிரந்தரமாகவே தருகிறார்களாம்.
“வேண்டாம்னு எழுதிக் குடுத்துடலாம்னு இருக்கேன். நீங்க அங்க தனியா இருக்கீங்களே” என்றாள்.
எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதவே கூசுகிறது — முதலில் சந்தோஷம்தான் பட்டேன். அவள் திரும்பிக்கொண்டு கூடாரத்தை மடித்தாள்.

ஏப்ரல் 10, திங்கள்
நான்காம் மாடிப் பட்டனுக்கு ஆறாம் மாடி ஒயரைக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 12, புதன்
நான் ஒரு மடையன். அவ ஏன் திரும்பி வரணும்? நான் போனா என்ன? லிஃப்ட் எந்த ஊர்ல மக்கர் பண்ணாம இருக்கு?
மேலாளரிடம் கேட்டேன். அங்கே கிளையில் இடம் இருக்கிறது. ஆனால் இப்போது போல் சூப்பர்வைசராக அல்ல, பழையபடி மெக்கானிக்காக. யோசித்துச் சொல்லச் சொன்னார். யோசித்துத்தான் வந்தேன் என்றேன். உள்ளுக்குள் கொஞ்சம் வலித்தது, பொய் சொல்வானேன்.

ஏப்ரல் 15, சனி
முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.
“அப்புறம் வருத்தப்பட மாட்டீங்களே?” என்றாள்.
“படுவேன், அப்பப்ப. நீ அதை விட்டுட்டு வந்தா தினம் படுவ.”
அவள் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி என் முகத்தில் வீசினாள். கண்ணாடி ஆற்றோடு போனது. இருவரும் குனிந்து அரை மணி நேரம் துழாவினோம். காவலர்தான் கண்டெடுத்துக் கொடுத்தார்.

ஜூன் 10, சனி
அவள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் புது வீடு, மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. போர்வையும் அடுப்பும் சுமந்து இறங்குவதற்குள் இடுப்பு விட்டுப்போனது.
பூங்கா வாசலில் காவலர் பதிவேட்டை நீட்டினார். இதுவரை அவள் ஒரு வரி, நான் ஒரு வரி என்று இரண்டு ஊர் எழுதுவோம். இன்று அவளே பேனாவை வாங்கினாள். ஒரே வரியில் எழுதி முடித்து, மூடிக் கொடுத்துவிட்டு, ஆற்றைப் பார்க்க நடந்தாள்.